பைப்பிங் வைத்த செம்பருத்தி

காலர் அக்காவுக்குத் தன் ஓரகத்தியைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடிக்கும். அதுதானே தொல்லை! பிடிக்காதவளாக இருந்தால் ஒரு நல்ல சண்டை போட்டு, ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சங்கதியை முடித்திருக்கலாம். இந்தச் சின்னவள் சண்டைக்கே வர மாட்டாள். திட்டினால் "ஆமாக்கா, நீங்க சொல்றது சரிதான்" என்பாள். அப்படிப்பட்டவளோடு ஒரு மனுஷி எப்படித்தான் மல்லுக்கட்டுவது?

காலர் அக்கா என்பது பட்டறையில் வைத்த பெயர். சட்டை தைக்கும் பட்டறையில் ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பை தைப்பாள், இவள் காலர். மகள் பிறப்பதற்கு முன்பிருந்து காலர்தான். இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்த மாதிரி இருக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் பிரித்துக் கழிவுக் கூடையில் போட்டுவிடுவாள். பேருந்தில் முன்சீட்டுக்காரருடைய காலர் கோணலாக இருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தவள் அவள். பட்டறையே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

அந்தக் கைக்குத்தான் செம்பருத்திப் பைத்தியம் பிடித்தது. முதல் செடி ஒரு சண்டையில் வந்தது. கல்யாண நாளை மறந்துவிட்ட கணவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், வருகிற வழியில் திறந்திருந்த ஒரே கடை நர்சரி என்பதால் ஒரு செம்பருத்திக் கன்றோடு வந்து நின்றார். மறுநாள் அது ஒரு பூ பூத்தது. அதற்கடுத்த நாள் பூ சுருண்டு விழுந்தது. "ஒரு நாள் கூத்துக்கா இவ்வளவு அலட்டல்?" என்று கேட்டவள், அதற்கும் அடுத்த நாள் இன்னொரு மொட்டு விரிந்திருக்கிறதா என்று பல்கூடத் தேய்க்காமல் மாடியேறினாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள்.

வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கீழே இவள் குடும்பம், மேலே கொழுந்தன் குடும்பம், அதற்கும் மேலே மொட்டைமாடி. மாடி முழுக்கப் பழைய பெயின்ட் வாளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு செம்பருத்தி. வாங்கி வளர்ப்பதோடு நிற்கிற ஆளா அவள்? ஒரு பூவின் மகரந்தத் தூளை எடுத்து, இன்னொரு பூவின் நடுத்தண்டு நுனியில் இருக்கிற ஐந்து பொட்டுகளிலும் தொட்டுத் தொட்டு வைப்பாள். எந்தப் பூவோடு எது சேர்ந்தது என்று மறக்காமலிருக்க, பட்டறையில் மிஞ்சிய நூலில் இரண்டு நிறத்தை முறுக்கிக் காம்பில் கட்டுவாள். காய் முற்றி, வெடித்து, விதை முளைத்து, அந்தக் கன்று பூப்பதற்கு ஒரு வருஷத்துக்கு மேலாகும். கன்றுக்கும் அதே நிற நூல்களைத் தளர்த்திக் கட்டிவிடுவாள். ஒரே காயில் பிறந்த விதைகள்கூட ஒன்று போல ஒன்று பூக்காது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு குணம்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. சாம்பல் கலந்த ஊதாவில் ஒரு பூ. அதன் ஓரத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. பைப்பிங் வைத்துத் தைத்த மாதிரி. எத்தனையோ காலர்களுக்குப் பைப்பிங் வைத்த கை, ஒரு பூவுக்கு வைக்கக் கூடாதா? வருஷாவருஷம் முயன்றாள். ஊதா வந்தால் கோடு வராது. கோடு வந்தால் ஊதா வராது. ஒரு முறை இரண்டும் வந்தது, ஆனால் மொட்டெல்லாம் விரியாமலே உதிர்ந்து செடியும் போய்ச் சேர்ந்தது.

இந்த நிலையில்தான் கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். மருந்துக் கடையில் வேலை. சிரித்த முகம். வந்த புதிதில் ஒடிந்து கிடந்த ஒரு குச்சியை எடுத்து ஒரு டப்பாவில் சொருகினாள். அது தளதளவென்று வளர்ந்து நிறையப் பூத்தது. பெரியவள் ஊருக்குப் போயிருந்தபோது தண்ணீர் ஊற்றினாள். மாவுப்பூச்சி பிடித்துச் சோர்ந்து கிடந்த செடியெல்லாம் தலை நிமிர்ந்துவிட்டது. "என்ன செஞ்ச?" என்று கேட்டால், "தண்ணிதான் ஊத்தினேன்க்கா" என்கிறாள்!

"சின்னவ கை ராசியான கைப்பா" என்றார் காலர் அக்காவின் கணவர், தேநீரை உறிஞ்சிக்கொண்டு, உலகத்தில் அதைவிடச் சாதாரணமான பேச்சு இல்லை என்பது போல.

ராசியாம் ராசி! இவள் மண்ணைச் சலித்து, எரு கலந்து, இலைக்கு இலை திருப்பிப் பூச்சி தேடி, முதுகு ஒடிந்து கிடக்கிறாள். அதற்குப் பெயர் உழைப்பு. அவள் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் அதற்குப் பெயர் ராசி. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள். போதாக்குறைக்கு, விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் இப்போதெல்லாம் முதலில் சித்தியைத்தான் கூப்பிடுகிறாள். "சித்திகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்மா, கேட்டுக்கோ" என்று இவளிடம் சொல்லிப் போனை வைத்துவிடுகிறாள்.

ஒரு விடுமுறை நாளில் காலர் அக்கா கன்றுகளைக் கழித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் வளர்க்க வாளிக்கு எங்கே போவது? நேராக நிமிர்ந்த கன்று இந்தப் பக்கம், கோணல் கன்று அந்தப் பக்கம். பட்டறைக் கை. பூ எப்படி வரும் என்று தண்டைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிற கை. ஊதா நூலும் மஞ்சள் நூலும் முறுக்கிக் கட்டிய ஒரு கன்று கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, சவலைப் பிள்ளை மாதிரி நின்றது. தூக்கிக் கழிவு வாளியில் போட்டாள்.

துணி காயப்போட வந்த சின்னவள் எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் தூக்கிப் போடப் போறீங்களாக்கா? பாவமா இருக்கே. ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"கோணல்மா. தேறாது. வேணும்னா எடுத்துக்கோ, வாளியோட எடுத்துக்கோ" என்றாள் காலர் அக்கா. தாராளம் அன்றைக்கு வழிந்தது.

சின்னவள் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டாள். எதை எடுத்தாள் என்று பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வருஷம் போனது. ஒரு காலையில் மேல்வீட்டு பால்கனியிலிருந்து கூச்சல். "அக்கா! ஓடி வாங்க! எல்லாரும் வாங்க!" யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துக் காலர் அக்கா கையில் இட்லிக் கரண்டியோ எதுவோ, இருந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். யாரும் விழவில்லை. பால்கனி மூலையில், கோணல் தண்டின் நுனியில், ஒரு கையகலத்துக்குப் பூ. சாம்பல் ஊதா. ஓரத்தைச் சுற்றி, எங்கும் விடாமல், எங்கும் தடிக்காமல், மஞ்சள் கோடு.

"அடேயப்பா, பைப்பிங் வெச்சுத் தெச்ச மாதிரி இருக்கே!" என்றார் கணவர். இத்தனை வருஷம் இவள் ஆசையைக் கேட்டுத் தலையாட்டிய மனுஷர், அது நினைவேயில்லாமல் அதே சொல்லைச் சொன்னார்.

காலர் அக்கா குனிந்து தண்டின் அடியைப் பார்த்தாள். ஊதா நூல், மஞ்சள் நூல். தன் கையால் போட்ட முடிச்சு.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் சின்னவள், மூச்சு வாங்க.

"நல்லாத்தான் இருக்கு. ஓரம் கொஞ்சம் சுருங்கியிருக்கு" என்றாள் காலர் அக்கா. அவ்வளவுதான் வாயில் வந்தது.

பட்டறையில் அன்றைக்கு மூன்று காலர் பிரிக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மெஷினில் காஜா போடுகிறவள், இவளுக்குப் பழைய கூட்டாளி, பார்த்துக்கொண்டே இருந்தாள். "எரியுதா?" என்றாள்.

"என்ன எரியுது?"

"வயிறுதான். வேற என்ன?"

"நான் தூக்கிப் போட்டது. நான் பெத்தது. எனக்கெதுக்கு எரியணும்?" என்று சொல்லும்போதே காலர் அக்காவின் குரல் உடைந்தது. "நானே குடுத்தேன்டி. வாளியோட எடுத்துக்கோன்னு வாயாலயே சொன்னேன். பறிகொடுத்தவன்னா புலம்பலாம். வாரிக் குடுத்தவ எங்க போய்ப் புலம்புவா?"

காஜாக்காரி என்ன செய்வாள், பாவம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு பழமொழியைச் சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்தாள்.

அந்தச் செடி பூத்துக்கொண்டே இருந்தது. வந்தவர் போனவரெல்லாம் பார்த்தார்கள். மகள் போனில் படம் கேட்டாள், சித்தியிடம். ஆனால் காலர் அக்காவின் கண்ணுக்கு மற்றவர்கள் பார்க்காத ஒன்று தெரிந்தது. வெயில் ஏறும்போது இலைகள் தொங்கின. அடியிலைகள் மஞ்சளாயின. ஒரு நாள் யாரும் இல்லாதபோது விரலால் மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்தாள். வேர் அழுகல் தொடங்கியிருந்தது. இப்படி அழகாகப் பூக்கிற கலப்புச் செடிகளுக்குச் சொந்த வேர் பெரும்பாலும் நோஞ்சான்தான். மழைக்காலத்தைத் தாங்காது. அதற்குள் ஒரு கிளையை வெட்டி, முரட்டு வேர் உள்ள சாதாரணச் சிவப்புச் செம்பருத்தியின் மேல் ஒட்டுக் கட்டிவிட வேண்டும். கட்டினால் பிழைக்கும். இல்லாவிட்டால் அந்தப் பூ உலகத்திலேயே இல்லை. விதை போட்டாலும் திரும்ப வராது.

சின்னவளும் கவனித்துவிட்டாள். "அக்கா, இல மஞ்சளாவுதே. ஏதாவது செய்யணுமா?"

சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனியில்தான் இருந்தது.

"ஒரு மழை விழுந்தா தெளிஞ்சிடும்" என்றாள் காலர் அக்கா.

"அப்பாடா!" என்று போனாள் அவள். நம்புகிறவளை ஏமாற்றுவதைப் போல ஒரு கேவலம் உண்டா? காலர் அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அடுத்த வாரம் உடம்பு சரியில்லை என்று பட்டறைக்கு அரைநாள் விடுப்புச் சொன்னாள். சின்னவள் மருந்துக் கடையில்; மேல்வீட்டுச் சாவி எப்போதும் கீழேதான் தொங்கும். பால்கனிக்குப் போய், பாதி பிளேடால் ஒரே இழுப்பில் ஒரு கிளையைச் சாய்வாக வெட்டினாள். மாடிக்கு ஓடினாள். சிவப்புச் செடி ஒன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, இந்தக் குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவி உள்ளே இறக்கி, பட்டையோடு பட்டை பொருத்தி, நாடாவால் இறுக்கிச் சுற்றினாள். மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்தாள். பிறகு வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யாரும் போகாத சந்தில் தள்ளிவைத்தாள். காப்பாற்றத்தானே செய்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காப்பாற்றுகிறவள் எதற்கு ஒளித்துவைக்க வேண்டும்? அந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

மழை விழுந்தது. ஒரு வாரம் விடாமல் விழுந்தது. பால்கனிச் செடி கருகி நின்றது. சின்னவள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. வேலைக்குப் போகும் முன் அந்தக் காய்ந்த குச்சியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

"வேற ஒண்ணு வாங்கித் தர்றேன் விடு" என்றாள் காலர் அக்கா.

"அது மாதிரி வராதுல்லக்கா?"

"வராது." அந்த மாதத்தில் அவள் சின்னவளிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

தொட்டிக்குப் பின்னால் ஒட்டுப் பிடித்துக்கொண்டது. தளிர் விட்டது, மொட்டு வைத்தது. இனிமேல்தான் பாருங்கள் வேடிக்கையை. பூத்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். துணி காயப்போட வருகிறவள் கண்ணில் பட்டால் என்ன சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாய்விட்டுக் கத்தவும் முடியாது. எனவே ஒவ்வொரு நாள் காலையிலும் மாடிக்குப் போய், விரியத் தயாராக இருக்கிற மொட்டை நகத்தால் கிள்ளிப் போட்டாள். ஆயுசு முழுக்க எந்தப் பூவுக்காகக் கிடந்தாளோ அந்தப் பூவை, தன் கையாலேயே. ஒரு தடவை மனசு கேட்காமல் கிள்ளிய மொட்டைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே மஞ்சள் ஓரம் மடிந்து மடிந்து இருந்தது. அதைப் புடவைத் தலைப்பில் முடிந்து பட்டறைக்குக் கொண்டுபோய், கழிவுக் கூடையில் வெட்டுத் துணிக்கு அடியில் போட்டாள்.

இப்படி எத்தனை நாள் ஓடும்? ஈரப் படியில் ஒரு நாள் கால் பிசகியது. கணுக்கால் வீங்கிவிட்டது. படியேறக் கூடாது என்று மருத்துவர் கட்டுப் போட்டு அனுப்பினார்.

"செடியப் பத்திக் கவலப்படாதீங்கக்கா, நான் தண்ணி ஊத்திக்கிறேன்" என்றாள் சின்னவள்.

"வேணாம் வேணாம். மழ வரும்."

"எங்கக்கா மழ? வெயில் கொளுத்துது!"

கட்டிலில் படுத்தபடி காலர் அக்கா மேலே நடக்கிற சத்தத்துக்குக் காது கொடுத்தாள். கேட்காத தூரத்திலும் கேட்பதாகத் தோன்றியது. இதோ தொட்டிப் பக்கம் போகிறாள். இதோ நிற்கிறாள். சின்னவள் ஒவ்வொரு நாளும் கீழே வந்து, தேநீர் போட்டுக் கொடுத்து, கால்கட்டை மாற்றிவிட்டு, வேலைக்குப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில், இரண்டு கையையும் குவித்துக்கொண்டு உள்ளே வந்தாள். குவித்த கைக்குள் அந்தப் பூ.

"உங்களால மேல வர முடியாதுல்ல, அதான் பறிச்சிட்டேன். பறிச்சாலும் சாயந்தரம் வரைக்கும் தண்ணியில்லாமலே வாடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்று தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

காலர் அக்கா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "எப்பப் பாத்த?"

"செடியையா? நேத்துத்தான். ஆனா கிளய எடுத்தது நீங்கதான்னு முன்னாடியே தெரியும்க்கா. என் செடியில ஒரு கிளய சாய்வா வெட்டியிருந்துச்சு. ஒரு பிசிர் இல்ல. இந்த வீட்ல அப்படி வெட்டற கை வேற யாருக்கு இருக்கு? ஒட்டுக் கட்டியிருப்பீங்க, புடிச்சா சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சொல்லல. சரி, புடிக்கலபோல, எதுக்குக் கேட்டு சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "மொட்டு எல்லாத்தையும் ஏதோ கடிச்சிருக்குக்கா. அணிலா இருக்குமோ?"

தப்பிக்க வழி திறந்து கிடந்தது. ஆமாம், அணில்தான் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. சின்னவள் வேண்டுமென்றே திறந்துவிட்டாளோ, வெகுளியாகத்தான் கேட்டாளோ, காலர் அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

"அணில் இல்லடி. நான்தான்" என்றாள். முதல் தடவையாக 'டி' போட்டுவிட்டாள், அவளுக்கே தெரியாமல். "நீ பாத்துடக் கூடாதுன்னு கிள்ளிக் கிள்ளிப் போட்டேன்."

சின்னவள் புரியாமல் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப, இத்தன நாளா நீங்களும் பாக்கலையாக்கா?"

இதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம். காலர் அக்கா பொங்கிப் பொங்கி அழுதாள். தேம்பலோடு தேம்பலாக மிச்சத்தையும் கக்கினாள். "மழ விழுந்தா தெளிஞ்சிடும்னு சொன்னேனே, அது பொய். மழ விழுந்தா செத்துடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். உன்னப் பாத்தா எனக்கு எரியுது. நீ ஒண்ணுமே செய்யாம உனக்கு எல்லாம் வருது."

சின்னவளின் முகம் மாறியது. இதுவரை யாரும் பார்க்காத முகம். எழுந்தாள். வெளியே போய்விட்டாள். அன்றைக்குத் தேநீர் இல்லை. மறுநாளும் இல்லை. தலையணைப் பக்கத்துப் பூ சாயந்தரம் சுருண்டுகொண்டது. காலர் அக்கா அதை எடுத்துப் போட மனமில்லாமல் வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் தொம்மென்று ஒரு சத்தம். சின்னவள் தொட்டிக்குப் பின்னாலிருந்த வாளியையும், இரண்டு சிவப்புச் செடிகளையும் சுமந்து இறக்கியிருந்தாள். கையில் பிளேடு.

"ஒட்டுக் கட்டக் கத்துக் குடுங்க" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. "இனிமே உங்கள நம்பி இருக்க முடியாது."

சரியான பேச்சு! காலர் அக்காவுக்கு அடி விழுந்த இடத்தில் ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வீங்கிய காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு சிவப்புச் செடி, ஒட்டுச் செடியிலிருந்து ஆளுக்கு ஒரு குச்சி. சின்னவளின் வெட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. எலி கடித்த மாதிரி இருந்தது. பட்டை ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம். நாடாவை வெட்டுப்பட்ட விரலுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி சுற்றியிருந்தாள். காலர் அக்காவுடையது? தைத்த மாதிரி. இரண்டுக்கும் கவர் கவிழ்த்து நிழலில் வைத்தார்கள். அந்த நாட்களில் சின்னவள் அவசியத்துக்கு மட்டும் பேசினாள்.

கவருக்குள் காலர் அக்காவின் குச்சி கறுத்துச் சுருங்கியது. எலி கடித்த குச்சி துளிர்த்தது.

"அக்கா! புடிச்சிடுச்சு! என்னுது புடிச்சிடுச்சு!" பழைய கூச்சல் திரும்பியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கோபத்தை எங்கோ போட்டுவிட்டாள் போல. கவரைப் பிடித்து இழுக்கப் போனாள்.

கோணல் வெட்டு. கோணல் கட்டு. அதில் பச்சையாக இரண்டு இலை. காலர் அக்காவுக்கு வயிறு எரிந்தது. கொஞ்சநஞ்சமல்ல, அடிவயிற்றிலிருந்து எரிந்தது. கவரை இந்த வெயில் நாளில் ஒரேயடியாக எடுத்தால் துளிர் ஒரு மணி நேரத்தில் கருகிவிடும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

"ஏய், இரு இரு!" என்று கத்தினாள். "கவரப் புடுங்காதடி. மூலையில சின்னதா ஒரு ஓட்ட போடு. நாளைக்கு இன்னொண்ணு. கொஞ்சம் கொஞ்சமாப் பழகட்டும்."

சின்னவள் கையை இழுத்துக்கொண்டு, திரும்பி, அவள் முகத்தையே பார்த்தாள். நம்பலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"சத்தியமாத்தான் சொல்றேன்" என்றாள் காலர் அக்கா.